மடக்கில் இருப்பவரிடம் பேசக்கூடாது

எட்டுக்கையருக்கு இடுப்புக்கு மேலே மனித உடம்பு. கீழே ஆக்டோபஸின் எட்டுக் கைகள். மேலே ஓடுவது சிவப்பு ரத்தம், கீழே ஓடுவது நீல ரத்தம். இந்த இரண்டும் எங்கே சந்திக்கின்றன? நானும் என் மகளும் இந்தக் கேள்வியில் ஒரு வாரம் மாட்டிக்கொண்டு கிடந்தோம். கடைசியில் நான்தான் வழி சொன்னேன். இதயத்தின் நடுச்சுவரில் ஒரு சின்னக் கதவு இருக்கலாம், அதன் வழியாக இரண்டும் கலந்துகொள்ளும் என்றேன். அவள் உடனே அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். கதவுக்குப் பூட்டு உண்டா என்று கேட்டாள். கிடையாது, எப்போதும் திறந்தேதான் இருக்கும் என்றேன்.

அன்றைக்கு எனக்குப் பெருமையாக இருந்தது. பதினோரு வயதுப் பிள்ளையோடு உட்கார்ந்து ஒரு புது உயிரினத்துக்கு ரத்த ஓட்டம் அமைத்துக் கொடுக்கிற தகப்பன் இந்தக் கொடைக்கானலில் வேறு யார் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது அவள் நெஞ்சின் நடுவே ஒரு சாண் நீளத்துக்குத் தழும்பு இருக்கிறது. நன்றாக இருக்கிறாள், பள்ளிக்கூடம் போகிறாள். ஆனால் தன் இதயத்தில் கோளாறு இருப்பதை அவள் ஏறக்குறைய ஆறு மாதம் எனக்கு எழுதிக் காட்டிக்கொண்டிருந்தாள். நான் அதைப் படித்து ரசித்துக்கொண்டிருந்தேன். இனி அவள் உடம்பில் ஏதாவது வந்தால் எனக்குச் சொல்வாளா, சொன்னாலும் எனக்கு விளங்குமா என்பதுதான் என் கவலை. அந்தக் கவலை இன்னும் முழுசாகத் தீரவில்லை.

பஜாரில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். மதுரையில் பார்மஸி படித்தவன். மனைவி ஒரு பள்ளியின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். மகள் பள்ளி விட்டதும் கடைக்கு வந்து கவுண்டருக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வாள். ஆறு மணிக்குக் கடையை வேலையாளிடம் விட்டுவிட்டு நானும் அவளும் வீட்டுக்குப் போவோம். வீடு மேட்டில் இருக்கிறது. கடைக்குப் பின்புறமிருந்து படிகள் ஏற வேண்டும்.

எட்டுக்கையர் பிறந்தது ஒரு சிரப் பாட்டிலிலிருந்து. குழந்தைகள் திறக்க முடியாதபடி அழுத்தித் திருகுகிற மூடி போட்ட பாட்டில் அது. அதைத் திறக்க முடியாமல் அவள் கோபப்பட்டபோது, ஒரு ஆக்டோபஸ் உள்ளேயிருந்தபடியே ஜாடி மூடியைத் திறக்கிற வீடியோவைப் போனில் காட்டினேன். அவள் அதைப் பத்துத் தடவை பார்த்தாள். பிறகு கேட்டாள்: “அத்தா, இதுங்க ஏன் நம்ம மாதிரி ஊரு கட்டல?”

நல்ல கேள்வி. அதற்கு எனக்குத் தெரிந்த பதிலைச் சொன்னேன். ஆக்டோபஸுக்கு ஆயுசு குறைவு. தாய் முட்டையிட்டுவிட்டு, அவை பொரிக்கும்வரை சாப்பிடாமல் காவல் இருந்து, பிள்ளைகள் வெளியே வரும் நேரத்தில் செத்துப்போகும். தனக்குத் தெரிந்த எதையும் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க ஆளே இருக்காது. ஒவ்வொரு ஆக்டோபஸும் முதலிலிருந்து தானே கற்றுக்கொள்ள வேண்டும்.

அடுத்த நாள் ஒரு நூறு பக்க நோட்டை எடுத்துவந்து அட்டையில் ‘எட்டுக்கையர்’ என்று எழுதியிருந்தாள். ஊர் கட்டுகிற ஆக்டோபஸ்கள். பாதி மனிதராக இருந்தால் முடியும் என்று முடிவு செய்திருந்தாள்.

எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம் ஏற்பட்டது. உடம்பைப் பற்றிய விவரம் நான் தர வேண்டும். அந்த உடம்பை வைத்துக்கொண்டு எப்படி வாழ்வார்கள் என்பதை அவள் சொல்வாள்.

ஆக்டோபஸின் கையில் இருக்கும் உறிஞ்சிகள் தொட்டதையெல்லாம் ருசி பார்க்கும் என்றேன். அப்படியானால் எட்டுக்கையர் அந்நியரைத் தொட மாட்டார்கள் என்றாள் அவள். தொடுவதும் நக்கிப் பார்ப்பதும் ஒன்றாகிவிடும், மரியாதை இல்லை. அதனால் வணக்கம் சொல்லும்போது எட்டுக் கைகளையும் சுருட்டிக்கொண்டு உறிஞ்சி இல்லாத புறத்தைக் காட்டுவார்கள். ஆனால் பெற்றவர்கள் மட்டும் பிள்ளையின் கன்னத்தைத் தொட்டு, மத்தியானம் டிபன் பாக்ஸைக் காலி செய்தானா இல்லையா என்று கண்டுபிடித்துவிடுவார்கள். “அங்க பொய்யே சொல்ல முடியாது” என்று வருத்தத்தோடு எழுதியிருந்தாள்.

ஒவ்வொரு கைக்கும் தனி மூளை மாதிரி ஒன்று உண்டு, தலையைக் கேட்காமலே கை வேலை செய்யும் என்றேன். அதை வைத்து அவள் கல்யாணத்தை எழுதினாள். எங்கள் நிக்காஹ்வில் பெண்ணிடம் சம்மதம் கேட்பார்கள் இல்லையா, அங்கே எட்டுக் கையிடமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

“ஏழு கை சரின்னு சொல்லி, ஒரு கை மாட்டேன்னா?” என்று கேட்டேன்.

“அந்தக் கையை மட்டும் அம்மா வீட்லயே விட்டுட்டுப் போயிரலாம். வேற முளைக்கும்ல.”

எலும்பு விஷயத்தில் எங்களுக்குள் சண்டையே வந்தது. ஆக்டோபஸுக்கு எலும்பு இல்லை, எந்தச் சந்திலும் நுழைந்துவிடும். ஆனால் பாதி மனிதனுக்கு விலா எலும்பு உண்டே? கீழ்ப்பாதி சாவித்துவாரத்தில் போய்விடும், மேல்பாதி மாட்டிக்கொள்ளும். அப்போது கடையில் பூண்டி அக்கா இருந்தார். பூண்டியில் மலைப்பூண்டும் கேரட்டும் போடுகிற குடும்பம். பிரஷர் மாத்திரை வாங்க மாதம் ஒருமுறை வருவார். வாங்கிய பிறகும் ஊர் பஸ் வரும்வரை எங்கள் கடை பெஞ்சில்தான் இருப்பார்.

“எங்க ஊட்டுக்காரரு அப்பிடித்தான் பாய்,” என்றார் அவர். “காலு பிராந்திக் கடைக்குள்ள போயிருது. நெஞ்சு மாட்டிக்கிட்டு வெளியவே நின்னு யோசிக்குது.”

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அதிலிருந்து அக்கா எங்கள் ஆராய்ச்சிக் குழுவில் சேர்ந்துகொண்டார். எட்டுக் கை இருந்தால் பூண்டுத்தாள் அறுப்பது, கேரட் கழுவுவது, மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது எல்லாம் ஒரே நேரத்தில் முடியும் என்று கணக்குப் போட்டார். அப்புறம் அவரே தலையை ஆட்டினார். “வேணாஞ் சாமி. ரெண்டு கைக்கே சோலி தீரமாட்டேங்குது. எட்டு இருந்தா எட்டுக்கும் வேலை வச்சிருவானுக.”

தாய் சாகிற விஷயத்தைத்தான் மகளால் விட முடியவில்லை. ஊர் வேண்டும் என்றால் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர ஆள் வேண்டும். ஆனால் உடம்பு விதியை மாற்றக்கூடாது என்பது ஒப்பந்தம். பல நாள் யோசித்து அவள் எழுதியது இது: தாய் போகும்போது ஒரு கையை விட்டுவிட்டுப் போவாள். கைக்குத்தான் தனி மூளை இருக்கிறதே. அந்தக் கை பிள்ளைகளோடு ஒரு வருடம் இருக்கும். எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று காட்டும். எட்டுக்கையரின் பள்ளிக்கூடம் என்பது ஒரு தாயின் கை.

இதைச் சாப்பாட்டு நேரத்தில் வாசித்துக் காட்டினோம். மனைவி தோசையைத் திருப்பிக்கொண்டே, “ஆளுக்கு ஒரு தோசை போட்டுத் தந்துட்டு கையை வெட்டி வச்சிட்டுப் போறேன், ரெண்டு பேரும் வச்சுக்கங்க,” என்றாள். பிறகு திரும்பி, “ஆமா, அம்மா மட்டும் எதுக்குச் சாகணும்? அத்தா என்ன பண்ணுவாராம்?” என்று கேட்டாள்.

“அவரு அதுக்கு முன்னாடியே மவுத்தாயிருவாரு,” என்றாள் மகள்.

“அப்படின்னா சரி,” என்று மனைவி அடுத்த தோசையை ஊற்றினாள்.

மடக்கு எப்போது வந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். ஆடி மாதக் காற்று அடித்துக்கொண்டிருந்த நாட்களாக இருக்க வேண்டும். ஆக்டோபஸுக்கு மூன்று இதயம், அதில் உடம்புக்கு ரத்தம் அனுப்பும் பெரிய இதயம் நீந்தும்போது நின்றுவிடும், அதனால்தான் அது நீந்துவதைவிட நடப்பதையே விரும்பும் என்று சொல்லியிருந்தேன். மறுநாள் படி ஏறும்போது அவள் பாதியில் நின்று, முழங்காலை நெஞ்சோடு சேர்த்துக் குத்தவைத்து உட்கார்ந்தாள். நான் என்னம்மா என்றதற்குப் பதில் இல்லை. கையை மட்டும் உயர்த்திப் பொறு என்று காட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து சொன்னாள்: “இது மடக்கு. பெரிய இதயம் நின்னுருச்சுன்னா எட்டுக் கையையும் மடக்கி உக்காந்துருவாங்க. மடக்குல இருக்கிறவங்ககிட்ட யாரும் பேசக்கூடாது. கூட வந்தவங்களும் உக்காரணும். அதான் மரியாதை.”

எனக்கு அந்த வழக்கம் ரொம்பப் பிடித்துவிட்டது. ஓய்வுக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கிற சமூகத்தை யார் கற்பனை செய்திருக்கிறார்கள்? அன்றிலிருந்து அவள் உட்காரும்போதெல்லாம் நானும் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தேன். முதலில் படியில் ஒரு இடத்தில் உட்கார்ந்தோம். மழைக்காலம் முடிவதற்குள் மூன்று இடமாகிவிட்டது. மேலேயிருந்து இறங்குகிறவர்கள் எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். நான் பேசாமல் இருப்பேன். பேசக்கூடாது என்பதுதானே விதி. அவள் ஏன் பேசவில்லை என்று ஒருநாளும் யோசிக்கவில்லை. மூச்சு இல்லாததால் பேசவில்லை.

பூண்டி அக்கா ஒருநாள் பார்த்தார். பள்ளியிலிருந்து மேடேறிக் கடைக்கு வந்த மகள் வாசலிலேயே பையோடு குத்தவைத்துவிட்டாள்.

“ஏம் பாய், இந்தப் புள்ள ஏன் இப்பிடி உக்காருது?”

“அது எட்டுக்கையர் பழக்கம்க்கா. இப்ப அவகிட்ட பேசக்கூடாது.”

“எங்க ஊருல ஒரு புள்ள இப்பிடித்தான்…” என்று ஆரம்பித்தார். அதற்குள் பஸ் ஹாரன் கேட்டது. “ஆத்தாடி, வெரசா போறேன், இதை விட்டா அடுத்த பஸ்ஸு எப்ப வருமோ,” என்று ஓடிவிட்டார்.

விரல் நுனிகள் உருண்டு வருவதை அவள்தான் காட்டினாள். “பாருங்கத்தா, உறிஞ்சி முளைக்குது.” பார்த்தேன். லேசாகத்தான் தெரிந்தது. நகம் நீலம் பாரித்திருந்தது. மார்கழிக் குளிரில் இங்கே எல்லார் நகமும் உதடும் அப்படித்தான் இருக்கும். “ஆமா, இன்னும் ரெண்டு மாசத்துல எட்டுக் கையும் வந்துரும்,” என்றேன்.

அவளுக்கு ஐந்து வயதில் சளிக்காகப் போனபோது ஒரு டாக்டர் நெஞ்சில் சின்னச் சத்தம் கேட்கிறது, நிறையப் பிள்ளைகளுக்கு இருப்பதுதான், மதுரைப் பக்கம் போகும்போது இதயத்துக்கு ஒரு எக்கோ ஸ்கேன் எடுத்துவிடுங்கள் என்று சொல்லியிருந்தார். அடுத்த மாதங்களில் கொரோனா வந்து மலையே மூடப்பட்டது. திறந்தபோது அந்தச் சத்தம் எனக்கு மறந்துபோயிருந்தது. மறந்தது என்று எழுதுவது சுலபமாக இருக்கிறது. அது எப்படி மறந்தது என்று மட்டும் இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அந்தக் கொரோனா காலத்துக்கு அப்புறம் ஆக்ஸிமீட்டர் விற்பனை கொஞ்சம்தான். ஆனாலும் ஒரு பெட்டி எப்போதும் வைத்திருப்பேன். விரலில் மாட்டினால் ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று காட்டுகிற கருவி. பொங்கலுக்கு முன்பு புதுப் பெட்டி வந்தது. மகள் ஒன்றை எடுத்து, “நீல ரத்தத்தை இது கண்டுபிடிக்குமா?” என்று விரலில் மாட்டினாள். எண்பத்து மூன்று என்று காட்டியது.

நான் கருவியைத் தட்டினேன். பாட்டரி மாற்றினேன். எண்பத்து இரண்டு. இன்னொரு கருவியை எடுத்தேன். எண்பத்து மூன்று. அவள் கையைப் பிடித்துப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. விரல் குளிர்ந்திருந்தால் இந்தக் கருவி சரியாகக் காட்டாது. வாடிக்கையாளர்களுக்கு நானே சொல்லும் பாடம் அது. ஆனாலும் மூன்றாவது கருவியும் அப்படியே காட்டியதால், பெட்டியே கோளாறு என்று முடிவு செய்து, மேலே ‘ரிட்டர்ன்’ என்று எழுதி ஓரமாக வைத்தேன். ஒன்றைக்கூட என் விரலில் மாட்டிப் பார்க்கவில்லை.

அவள் நோட்டில் எழுதினாள்: ‘மனிதர்களின் மெஷினில் எட்டுக்கையர் கணக்கு சேராது.’

நாலு நாள் கழித்து சப்ளை கம்பெனியின் ரெப் திண்டுக்கல்லிலிருந்து வந்தார். சாயங்கால நேரம். மகள் ஸ்டூலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பெட்டியைக் காட்டினேன். அவர் ஒன்றை எடுத்துத் தன் விரலில் மாட்டினார். தொண்ணூற்று ஆறு. என் விரலில் மாட்டினார். தொண்ணூற்று ஐந்து. இன்னொன்றை எடுத்து வேலையாளின் விரலில் மாட்டினார். தொண்ணூற்று ஆறு.

“நல்லாத்தான பாய் இருக்கு?”

“இவளுக்குப் போட்டா ஏறவே மாட்டேங்குதுங்க,” என்றேன். அவள் பென்சிலை வைத்துவிட்டு விரலை நீட்டினாள். அந்த நேரம் ஹீட்டர் பக்கத்தில் இருந்ததால் கை சூடாகத்தான் இருந்தது. நாங்கள் மூன்று ஆண்களும் அந்தச் சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எண்பத்து மூன்று.

ரெப் என் முகத்தைப் பார்க்கவில்லை. மெதுவாகச் சொன்னார்: “பாய், மெஷின்ல ஒண்ணும் இல்ல.”

மதுரையில் எங்களைப் பார்த்தது ஒரு பெண் டாக்டர். எக்கோ எடுக்கும் முன்பே மகளின் விரல் நுனிகளைத் தன் உள்ளங்கையில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்: “பாப்பா ஓடுனா, மாடி ஏறுனா, நடுவுல குத்தவச்சு உக்காருவாளா?”

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளே சொன்னாள்: “அதுக்குப் பேரு மடக்கு.”

“அப்படியா? யாரு சொல்லிக் குடுத்தா?”

“யாரும் இல்ல. அப்படி உக்காந்தா நெஞ்சு சரியாயிரும்.”

“நெஞ்சுக்கு முடியலன்னு எங்கிட்ட நீ சொல்லவே இல்லையேம்மா,” என்றேன்.

“எழுதியிருந்தேனே அத்தா,” என்றாள்.

எக்கோ முடிந்ததும் டாக்டர் ஒரு தாளில் இதயத்தை வரைந்தார். வலது பக்கத்தை நீலப் பேனாவால், இடது பக்கத்தைச் சிவப்புப் பேனாவால். நுரையீரலுக்குப் போகும் குழாய் குறுகல் என்று ஒரு இடத்தில் கோடு போட்டார். பிறகு நடுச்சுவரில் ஒரு சின்ன வட்டம். “இங்க ஒரு ஓட்டை இருக்கு. இது வழியா ரெண்டு ரத்தமும் கலக்குது. பிறவிக் கோளாறு. சிலருக்கு மெதுவாத்தான் வெளிய தெரியும். சரி பண்ணிரலாம்.” மனைவி அழுதாள். நான் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பூட்டு கிடையாது என்று நான் சொன்ன கதவு.

அறுவை சிகிச்சையைப் பற்றி எழுத எனக்குத் தெம்பு இல்லை. மாசி மாதம் நடந்தது. நடந்து முடிந்தது.

உடனே மலையேற வேண்டாம், அடிக்கடி பரிசோதனைக்கு வர வசதியாகக் கீழேயே இருங்கள் என்றார்கள். மலையடிவாரத்தில் இருக்கும் பாலசமுத்திரத்தில் மனைவியின் அக்கா வீட்டில் தங்கினோம். நல்ல வெயில். மகள் காலையில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் நகங்கள் ரோஜா நிறமாக இருந்தன. தன் கையையே அந்நியமாகப் பார்ப்பாள்.

ஒருநாள் கேட்டுவிட்டேன். “மடக்குன்னு எழுதும்போது, அது உனக்கு வர்றதுன்னு தெரியுமா?”

“எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன் அத்தா. மத்தவங்க உக்காராம சமாளிக்கிறாங்க, நான்தான் சமாளிக்கலன்னு.” பிறகு, ஏதோ எனக்கு ஒரு பாடத்தை விளக்குவது போல, “எட்டுக்கையருக்குள்ள எப்படி இருக்கும்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கிறது? எனக்குள்ள எப்படி இருக்கோ அதைத்தான எழுத முடியும்?” என்றாள்.

இல்லாத உயிரைக் கற்பனை செய்கிறவருக்கு உடம்பு என்று தெரிந்தது தன் உடம்பு ஒன்றுதான். பார்மஸி படித்த எனக்கு இது தோன்றவே இல்லை. இதற்குள் இன்னொரு கேள்வியும் இருந்தது. அவள் எழுதியதில் எத்தனை அவளுடையது? ஒரு கை சம்மதம் சொல்லாதது? பொய் சொல்ல முடியாத ஊர்? சாகிற தாய்? ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கத் தொடங்கினேன். அங்கேதான் நான் அடுத்த தப்பைச் செய்தேன்.

வைகாசியில் வீடு திரும்பினோம். சீசன் கூட்டம், கடையில் நிற்க நேரமில்லை. அவள் புது நோட்டு தொடங்கியிருந்தாள். ‘எட்டுக்கையருக்குத் தூங்கும்போது காதுக்குள் கடல் கேட்கும்’ என்று எழுதியிருந்தாள். மறுநாளே காது டாக்டரிடம் கூட்டிப்போனேன். ஒன்றுமில்லை என்றார். ‘மழை வருவதற்கு முந்தின நாள் ஆறாவது கை வலிக்கும்.’ மதுரை டாக்டருக்குப் போன் செய்து தழும்பு வலிக்குமா என்று கேட்டேன். ‘சில நாள் எட்டுக்கையருக்குக் காரணமில்லாமல் அழுகை வரும், அப்போது தோல் சாம்பல் நிறமாகிவிடும்.’ இதைப் படித்துவிட்டுச் சாப்பிடும்போது அவள் கன்னத்தைத் தொட்டு, ஏதாவது கஷ்டமா, பள்ளியில் யாராவது ஏதாவது சொன்னார்களா என்று கேட்டேன்.

அவள் தட்டை நகர்த்தினாள். “நான் கதைதான் எழுதுனேன்!”

“போன தடவையும் கதைன்னுதானம்மா நெனச்சோம்.”

“இனிமே நோட்டு தர மாட்டேன். ஒண்ணுமே எழுத மாட்டேன்.”

அவள் எழுந்து போன பிறகு மனைவி என்னைப் பார்த்தாள். “புள்ள கதை எழுதுனா அதுக்கு ஸ்கேன் எடுக்க ஓடுறீங்க. நாளைக்கி அது கவிதை எழுதுனா என்னத்துக்குப் போவீங்க, ஐசியூவுக்கா?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பயமாக இருந்தது. அந்த நோட்டு ஒன்றுதான் அவள் உடம்புக்குள் இருப்பதை எனக்குச் சொன்னது. முதலில் படிக்கத் தெரியாமல் விட்டேன். இப்போது படிக்கத் தெரிந்துகொண்டேன் என்று நினைத்த நேரத்தில் அதையும் மூடிவிட்டேன்.

பூண்டி அக்கா அந்த மாதம் மாத்திரைக்கு வந்தபோது அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. “அன்னைக்கி நீங்க கேட்டீங்க. நான்தான் காதுல வாங்கல,” என்றேன்.

“நான் மட்டும் என்னத்தைக் கண்டேன் பாய். புள்ள உக்காந்துச்சு, கேட்டேன். பஸ்ஸு வந்துச்சு, போயிட்டேன். ஊருக்குப் போனா அங்க ஆயிரம் சோலி கெடக்கு.” பையிலிருந்து ஒரு கொத்து மலைப்பூண்டை எடுத்து கவுண்டரில் வைத்தார். மகளைப் பார்த்து, “ஏ பாப்பா, அந்த எட்டுக்கைக்காரிக்குக் கல்யாணம் ஆச்சா இல்லையா? எட்டாவது கை இன்னும் மொறைச்சுக்கிட்டுத்தான் இருக்கா?” என்றார்.

மகள் என்னை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, “அதெல்லாம் சொல்ல முடியாது. இங்க ஒரு ஆளு உடனே டாக்டருக்குப் போன் பண்ணிருவாரு,” என்றாள்.

அக்கா சிரித்த சிரிப்பு பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் கேட்டிருக்கும்.

இரண்டு வாரம் நோட்டு இல்லை. ஒருநாள் சாயங்காலம் கவுண்டரில் இருந்த பேனா டப்பாவைக் கிளறிக்கொண்டிருந்தவள் இரண்டு பேனாக்களை எடுத்து என் முன்னால் வைத்தாள். ஒன்று நீலம், ஒன்று சிவப்பு.

“நீலத்துல எழுதுனா அது அவங்க. சிவப்புல எழுதுனா அது நான். நீலத்தைப் படிச்சிட்டு எங்கிட்ட ஒண்ணும் கேக்கக் கூடாது. போன் பண்ணக் கூடாது. கன்னத்தைத் தொடக் கூடாது.”

“சிவப்புல எழுத மறந்துட்டீன்னா?”

“மறக்க மாட்டேன்.”

“உனக்கே தெரியாம ஏதாவது இருந்துச்சுன்னா? போன தடவை மாதிரி?”

நகத்தைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். “உக்காரணும்னு தோணுனா, மூச்சு வாங்குனா, வலிச்சா, அது கதையா இருந்தாலும் சிவப்புல எழுதிர்றேன். நல்லா இருக்கிறதை மட்டும் நீலத்துல எழுதுறேன்.”

“சம்மதமா?”

கவுண்டர் மேல் இரண்டு கைகளையும் வைத்துப் பத்து விரலையும் பார்த்தாள். “எட்டுக் கையும் சம்மதம்.”

அடுத்து வந்த பக்கங்கள் எல்லாம் நீலம். எட்டுக்கையர் ஊரில் பஸ் ஓடுகிறது. இருக்கையே கிடையாது, எல்லாரும் கூரையில் ஒட்டிக்கொண்டு போகிறார்கள். தாயின் கை நடத்துகிற பள்ளிக்கூடத்தில் பரீட்சை இருட்டில் நடக்கும், ருசியை வைத்துப் பதில் சொல்ல வேண்டும். ஒரு பக்கத்தில் இதயத்தைப் படமாக வரைந்திருந்தாள். நடுச்சுவரில் கதவு அப்படியே இருந்தது. கீழே, ‘இவர்களுக்கு இது திறந்துதான் இருக்க வேண்டும். மூடினால் பாதி உடம்புக்கு ரத்தம் போகாது’ என்று எழுதியிருந்தாள். இரண்டு தடவை படித்தேன். நீலம்தான். ஒன்றும் கேட்கவில்லை.

போன வாரம் நடந்தது இது. மழை விட்டிருந்தது, படியெல்லாம் ஈரம். அவள் எனக்கு முன்னால் வேகமாக ஏறிக்கொண்டிருந்தாள். பாதி தூரத்தில், பழைய இடத்தில், சட்டென்று குத்தவைத்து உட்கார்ந்தாள். முழங்கால் நெஞ்சோடு சேர்ந்திருந்தது. தலை குனிந்திருந்தது.

இரண்டிரண்டு படியாக ஏறிப்போய்ப் பக்கத்தில் நின்றேன். மேகம் இறங்கியிருந்ததால் உதட்டின் நிறம் தெரியவில்லை. என்னம்மா என்று கேட்க வாயைத் திறந்தேன். சட்டைப் பையில் ஆக்ஸிமீட்டர் இருந்தது. இப்போதெல்லாம் எப்போதும் இருக்கும். கை அதன் மேலேயே இருந்தது. மடக்கில் இருப்பவரிடம் பேசக்கூடாது. அவள் உண்மையில் மடக்கில் இருந்தால் நான் இந்த நிமிடமே பேச வேண்டும். இல்லையென்றால் பேசக்கூடாது. எது என்று அவள்தான் சொல்ல வேண்டும், சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறாள்.

நான் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தேன். என் முழங்கால் சத்தம் போட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் முதுகு ஏறி இறங்குவதை எண்ணினேன். சீராகத்தான் இருந்தது. எழுந்தாள். “போலாமா?” என்றாள். மிச்சப் படிகளை என்னைவிட வெரசாக ஏறிப் போய்விட்டாள்.

மறுநாள் சாயங்காலம் கடையில் அவள் நோட்டைப் பிரித்தேன். இரண்டு பக்கம் நீலம், எட்டுக்கையர் வீட்டில் விருந்துச் சாப்பாடு பற்றி. அதன் கீழே இரண்டு வரி சிவப்பு. இருமல் மருந்துக்கு ஒருவர் காத்துக்கொண்டு நின்றார். நின்றபடியே படித்தேன்.

‘நேற்று படியில் உட்கார்ந்தது மடக்கு இல்லை. ஷூவுக்குள் கல்.’

‘ராத்திரி வந்து என் மூக்குக்கிட்ட விரல் வைக்கிறது யாருன்னு எனக்குத் தெரியும். தூக்கம் கெடுது. வேண்டாம்.’

விரல் வைப்பதை நிறுத்திவிட்டேன். அவள் அறை வாசல்வரை மட்டும் போய்வருகிறேன்.